வான் தீவு தெரியும்... 'வானத் தீவு' தெரியுமா? தூத்துக்குடி குடிக்கும் தண்ணீருக்கும் ஒரு நீலக் குருவிக்கும் என்ன சம்பந்தம்?

தூத்துக்குடி கடற்கரையில் நின்று யாரிடம் கேட்டாலும் வான் தீவு எங்கே இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளில் ஒன்று அது. அலை அரித்து அரித்துச் சுருங்கிப்போன தீவு. அதைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கிய செய்தியும் பலருக்கு நினைவிருக்கும்.

அதே தூத்துக்குடி மாவட்டத்தில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் மறுமுனையிலும் சில தீவுகள் இருக்கின்றன. அவை தண்ணீருக்கு நடுவே இல்லை. மேகத்துக்கு நடுவே, மலை உச்சியில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'வானத் தீவுகள்'. அங்கே, உலகில் வேறு எங்கும் பார்க்க முடியாத ஒரு சின்ன நீலக் குருவி வாழ்கிறது. பேரு சோலைக்கிளி.

கடலோர ஊருக்கும் மலையுச்சிக் குருவிக்கும் என்னதான் சம்பந்தம்? அந்தக் காடு ஏன் இப்போது பேசப்படுகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பேர்தான் கிளி... ஆனால் கிளி இல்லை

'கிளி' என்றதும் பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மலையாளத்தில் 'கிளி' என்றால் பொதுவாகப் பறவை. அந்த அர்த்தத்தில்தான் இந்தப் பெயர் வந்தது. சோலையில் வாழும் பறவை, அதனால் சோலைக்கிளி. உண்மையில் இது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த பாடும் பறவை.

ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். ஏறத்தாழ சிட்டுக்குருவி அளவுதான். தலை, முதுகு, நெஞ்சு எல்லாம் கருநீலம். கண்ணுக்கு மேலே, புருவம் தீட்டியது போல வெளிறிய ஒரு கோடு. கண்ணுக்கு முன்னால் கறுப்பு. வயிற்றின் நிறம் மட்டும் மலைக்கு மலை மாறும். நீலகிரிப் பக்கம் உள்ள பறவைக்கு விலாவில் செம்பழுப்பு இருக்கும். பழனி மலை, ஆனைமலைப் பக்கம் உள்ளதற்கு வயிறு வெள்ளை.

ஆண், பெண் இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மரத்தின் உச்சியில் உட்கார்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் பழக்கம் இதற்குக் கிடையாது. காட்டின் அடித்தளத்தில், புதருக்குள், ஓடை ஓரத்தில், தரையை ஒட்டியே திரியும். உதிர்ந்த இலைகளைக் கிளறிப் பூச்சி, புழு பிடித்துச் சாப்பிடும். மரப்பொந்திலோ, ஓடைக்கரை மண் பொந்திலோ கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும்.

அதனால் இதைக் கண்ணால் பார்ப்பவர்களை விடக் காதால் கேட்பவர்கள்தான் அதிகம். விடிந்தும் விடியாத நேரத்தில், இருட்டு இன்னும் கலையாத சோலைக்குள் இருந்து விசில் போன்ற பாட்டு கேட்கும். தேடிப் போனால் ஆள் இருக்காது.

சோலை என்றால் என்ன?

தமிழ்ச் சொல்லான 'சோலை', ஆங்கில அறிவியல் நூல்களிலும் 'ஷோலா' என்றே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதியில், மடிப்புகளிலும் பள்ளங்களிலும் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு இது. பல இடங்களில் சுற்றிலும் புல்வெளி இருக்கும், நடுவில் திட்டுத் திட்டாகச் சோலை இருக்கும். மரமெல்லாம் பாசி, பெரணி, ஆர்க்கிட். வருஷத்தில் பல மாதங்கள் மூடுபனி. தரை காய்வதே அபூர்வம்.

சோலைக்கிளிக்கு வேண்டியது சரியாக இந்தச் சூழல்தான். ஈரம், இருட்டு, குளிர், மட்கிய இலை. சுமார் 1,000 மீட்டருக்கு மேல்தான் இது வாழும். அதற்குக் கீழே இறங்கினால் வெயில் அதிகம், காடு வேறு மாதிரி. நீண்ட தூரம் பறக்கும் பறவையும் இல்லை. ஆகவே ஒரு மலையில் இருந்து இறங்கி, சூடான சமவெளியைக் கடந்து, அடுத்த மலையில் போய் ஏறுவது இதற்குக் கிட்டத்தட்ட முடியாத காரியம்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வான் தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவே கடல் இருப்பது போல, ஒரு மலைச்சோலைக்கும் அடுத்த மலைச்சோலைக்கும் நடுவே வெயில் காயும் சமவெளி இருக்கிறது. இந்தக் குருவியைப் பொறுத்தவரை அந்தச் சமவெளிதான் கடல்.

ஒரே குருவி என்று நினைத்தார்கள்... மூன்றாகப் பிரிந்தது

நீலகிரிப் பறவையை 1844-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வேலை பார்த்தவர். வெள்ளை வயிற்றுப் பறவையை 1868-ல் பிளான்ஃபோர்டு விவரித்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ 150 ஆண்டுகள் இந்தக் குருவியை எந்தக் குடும்பத்தில், எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பதே குழப்பமாக இருந்தது. இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள வேறு பறவைகளோடு இதைச் சேர்த்து வைத்தார்கள். பெயரும் மாறிக்கொண்டே இருந்தது.

2017-ல்தான் விடை கிடைத்தது. வி.வி.ராபின், சுஷ்மா ரெட்டி, உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல மலைகளில் ஏறி, மெல்லிய வலை கட்டிக் குருவிகளைப் பிடித்தார்கள். உடலை அளந்து, துளி ரத்தம் எடுத்து, திரும்பப் பறக்கவிட்டார்கள். மரபணு, உடல் அளவு, நிறம், பாட்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? இந்தக் குருவிகள் வேறு எந்தக் கூட்டத்தோடும் சேராத தனிப் பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே சொந்தமானவை. புதுப் பேரினத்துக்கு வைத்த அறிவியல் பெயர் 'சோலிகோலா'. 'சோலை'யும், 'வாழ்பவர்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லும் சேர்ந்தது. நம்ம ஊர்ச் சொல் ஒன்று உலக அறிவியல் பெயராகவே ஆகிவிட்டது.

அந்த ஆய்வின்படி சோலைக்கிளிகள் மூன்று:

• நீலகிரி சோலைக்கிளி: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே.
• வெண்வயிற்று சோலைக்கிளி: பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே உள்ள ஆனைமலை, பழனி மலைத் தொகுதி.
• அசம்பு சோலைக்கிளி: செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, பொதிகை மலை முதல் மகேந்திரகிரி வரையிலான மலைத்தொடர்.

மூன்றாவதுதான் அந்த ஆய்வில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. உலகப் பறவைப் பட்டியல்கள் எல்லாமே இதைத் தனி இனமாக ஏற்றுக்கொள்ளவில்லை. சில பட்டியல்கள் வெண்வயிற்று இனத்தின் ஒரு பிரிவாகவே வைத்திருக்கின்றன. ஆனால் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள குருவிகள் நெடுங்காலமாகத் தனியே பிரிந்து வாழ்கின்றன என்பதை மரபணு காட்டுகிறது.

குற்றாலச் சாரல் வரும் வாசலே குருவிக்குத் தடை

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே நீளச் சுவர் இல்லை. நடுவில் இடைவெளிகள் உண்டு. பெரியது பாலக்காட்டுக் கணவாய், அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். அதை விடச் சின்னது செங்கோட்டைக் கணவாய். செங்கோட்டையில் இருந்து புனலூருக்கு ரயில் போகும் வழி இதுதான். ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் முகத்தில் அடிக்கும் சாரல் காற்று உள்ளே வருவதற்கும் இந்த இடைவெளிதான் வாசல்.

காற்றும் ரயிலும் சுலபமாகக் கடக்கும் இந்தக் கணவாய், சோலைக்கிளிக்கு மட்டும் தாண்ட முடியாத அகழி. இரண்டு பக்கமும் பிரிந்து நின்ற குருவிகள் பல லட்சம் ஆண்டுகள் ஒன்றையொன்று பார்க்காமலே வாழ்ந்தன. ரத்தம் மாறியது. பாட்டும் மாறியது.

சோலைக்கிளி மட்டும் இப்படி இல்லை. அதே 2017 ஆய்வு, மலைச்சோலைகளில் கூட்டமாகத் திரியும் சிரிப்பான் குருவிகளுக்கும் 'மான்டிசின்க்லா' என்ற புதுப் பேரினத்தைக் கொடுத்தது. அதில் நான்கு இனங்கள். அவற்றில் ஒன்று, அசம்பு மலைக்கே சொந்தமான அசம்பு சிரிப்பான். இந்த மலையில் அவை கூட்டமாகக் கத்தினால் நிஜமாகவே யாரோ சிரிப்பது போலத்தான் இருக்கும்.

சரி, தூத்துக்குடிக்கு என்ன சம்பந்தம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, நெல்லையைத் தாண்டி, தூத்துக்குடி மாவட்டம் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மொத்த நீளம் 130 கிலோமீட்டருக்கும் குறைவுதான். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் ஆறு. வற்றாத ஜீவநதி என்று பெயர்.

ஆனால் தூத்துக்குடி மழை அதிகம் பெய்யும் ஊர் கிடையாது. வெயிலும் காற்றும் காய்ந்த நிலமும் இருப்பதால்தான் இங்கே உப்பளம் செழித்தது. நாட்டின் முன்னணி உப்பு உற்பத்தி மையங்களில் ஒன்றாக ஆனது. அப்படிப்பட்ட ஊரில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரும்பங்கு தாமிரபரணித் தண்ணீர். வல்லநாடு பகுதியில் ஆற்றில் இருந்து எடுத்துத்தான் மாநகராட்சிக்குக் கொண்டுவருகிறார்கள்.

விவசாயமும் அப்படித்தான். மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்று நான்கு கால்வாய்கள். அவற்றை நம்பி 53 குளங்கள். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கத்து நெல்லும் வாழையும் வெற்றிலையும் இந்தத் தண்ணீரில்தான் வளர்கின்றன. ஜூன் மாதம் தூத்துக்குடியில் அனல் பறக்கும்போது கார் சாகுபடி பற்றிப் பேச முடிகிறது என்றால், அந்த நேரத்தில் மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்வதுதான் காரணம்.

டிவியில் மழைச் செய்தி பார்ப்பவர்களுக்கு ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற பெயர்கள் பழக்கம். தமிழ்நாட்டில் அதிக மழை பதிவான இடங்கள் என்று அடிக்கடி வாசிக்கப்படும் ஊர்கள். இவை எல்லாம் மணிமுத்தாறு அணைக்கு மேலே உள்ள மலைக்கிராமங்கள். இரண்டு பருவமழையும் அங்கே பெய்யும்.

அந்த மழையை ஏந்திக்கொள்வது காடு. மரத்தின் இலையும் பாசியும் மழையின் வேகத்தைத் தடுக்கும். தரையில் கிடக்கும் மட்கு, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும். மண்ணுக்குள் போன தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாகக் கசிந்து ஓடையில் சேரும். மழை விட்டு மாதக்கணக்கில் ஆன பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். சோலைக்கிளி இலையைக் கிளறி இரை தேடும் அதே மட்குதான், கீழே இருக்கும் ஊருக்குத் தண்ணீரைச் சேமிக்கும் இடமும்.

வெள்ளத்தைக் காடு தடுத்துவிடுமா?

இந்தக் கேள்வி 2023 டிசம்பருக்குப் பிறகு பலரும் கேட்பது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது.

அந்த அளவு மழைக்கு எந்தக் காடும் ஈடு கொடுக்க முடியாது. மண் ஏற்கெனவே நனைந்து நிரம்பியிருந்தால் மேலே விழும் தண்ணீர் ஓடத்தான் செய்யும். அதுவும் அன்றைய மழை மலையில் மட்டும் பெய்யவில்லை, சமவெளியிலும் கடற்கரையிலும் சேர்ந்தே பெய்தது. ஆகவே 'காடு இருந்தால் வெள்ளமே வராது' என்பது சரியல்ல.

ஆனால் காடு செய்யும் வேலை வேறு. சாதாரண மழையில் ஓட்டத்தை மட்டுப்படுத்துவது, மலைச்சரிவின் மண்ணைப் பிடித்து வைப்பது, கோடையில் ஊற்றை உயிரோடு வைத்திருப்பது. மண் பிடிப்பு போனால் சேறு அணையில் படியும். அணையின் கொள்ளளவு குறையும். மிச்சம் கடலுக்குப் போகும்.

மலை மண் கடலை என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை ஒரு காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்தது. ஆறு கொண்டுவந்த மண் படிந்து படிந்து, கடல் விலகிப் போனது. இன்றைக்குக் கொற்கை கடலில் இருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமம். துறைமுகம் கொற்கையில் இருந்து காயலுக்கு நகர்ந்தது, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. கொற்கைக்கு நடந்தது இயற்கையாக, பல நூற்றாண்டுகளில் நடந்த மாற்றம்.

அப்படி இடம் மாறிய முத்துக்குளிப்பும் இன்றைக்கு இல்லை. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். சிப்பிகள் திரும்பிப் பெருகவில்லை, முத்துக்குளிப்பும் திரும்பி வரவில்லை. ஒரு இடத்துக்கே உரிய உயிர் ஒருமுறை குறைந்துபோனால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை.

குருவிக்கு இப்போது என்ன ஆபத்து?

முதல் ஆபத்து, இடம் குறைவது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் தேயிலை, காபி, யூகலிப்டஸ், சீகை எனப்படும் வாட்டில் மரம், பைன் எல்லாம் வந்தன. சோலையும் புல்வெளியும் துண்டு துண்டாகின. கணவாய் பிரித்தது பல லட்சம் ஆண்டுகளில். தோட்டம் பிரித்தது நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில்.

இந்தப் புதிய பிரிவினையும் குருவியின் மரபணுவில் தெரிய ஆரம்பித்துவிட்டது என்பதுதான் ஆய்வாளர்களைக் கவலைப்பட வைத்தது. ஒரே மலைக்குள், தேயிலைத் தோட்டத்துக்கு இந்தப் பக்கச் சோலையில் இருக்கும் குருவி, அந்தப் பக்கச் சோலைக்குப் போவது குறைந்துவிட்டது. சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால், நாளடைவில் நோயையும் சூழல் மாற்றத்தையும் தாங்கும் சக்தி குறையும்.

இரண்டாவது ஆபத்து, வெப்பம். சமவெளிப் பறவைக்குச் சூடு தாங்கவில்லை என்றால் கொஞ்சம் உயரமான இடத்துக்குப் போகலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே போகும்? பொதிகையின் உச்சி 1,868 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டாவை விட ஏறத்தாழ 770 மீட்டர் குறைவு. அதாவது மூன்று சோலைக்கிளிகளில் அசம்பு சோலைக்கிளிக்குத்தான் மேலே ஏற மிச்சமிருக்கும் இடம் குறைவு. கடல்மட்டம் உயர்ந்தால் வான் தீவு சுருங்குவது போல, வெப்பம் மேலே ஏறினால் இந்த வானத் தீவும் சுருங்கும்.

தூத்துக்குடி அருகே இருந்த விலாங்குச்சல்லித் தீவு ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டது. பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மூழ்கிய பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

மாஞ்சோலை: காடா, வீடா?

இந்த மலையைப் பற்றிப் பேசும்போது மாஞ்சோலையைத் தவிர்க்க முடியாது.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன், சுமார் 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற தோட்டங்கள் அப்படித்தான் உருவாகின. குத்தகை 2028-ல் முடிகிறது. இடைப்பட்ட காலத்தில் ஜமீன் ஒழிந்தது, சுற்றியிருந்த காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமானது. 1988-ல் அறிவிக்கப்பட்ட இதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்.

2024-ல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து, தோட்டத்தை விட்டு இறங்கச் சொன்னது. நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே இலை பறித்த குடும்பங்கள். கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தில், தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களைப் பறிகொடுத்த மக்கள். தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனமே எடுத்து நடத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. நிலத்தைக் காடாக மீட்டெடுக்கலாம், தொழிலாளர்களுக்கு மறுவாழ்வு உதவிகள் கிடைக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

குருவியின் பக்கம் இருந்து பார்த்தால், துண்டாகிக் கிடந்த சோலைகள் மறுபடி இணைய இது ஒரு வாய்ப்பு. மக்களின் பக்கம் இருந்து பார்த்தால், அந்தக் காட்டைத் தேயிலையாக மாற்றியது அவர்கள் எடுத்த முடிவு அல்ல. கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். காடு திரும்பி வருவதற்கான செலவை, வீட்டையும் ஊரையும் இழப்பதன் மூலம் அவர்கள் மட்டுமே ஏற்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. அந்தக் காட்டின் தண்ணீரால் பயன்பெறுவது கீழே உள்ள மாவட்டங்கள். மறுவாழ்வு ஒழுங்காக நடந்ததா என்று கேட்க வேண்டிய பொறுப்பும் கீழே உள்ளவர்களுக்கு உண்டு.

தேயிலையை விட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடுமா?

வராது. கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலையே மரமாக வளர்ந்து அடர்ந்துவிடும். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களும் வெளியில் இருந்து வந்த களைகளும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மலை மரங்களின் விதை பறவை வழியாகவோ விலங்கு வழியாகவோ வந்து முளைக்க வேண்டும். நிழல் கூடி, இலை உதிர்ந்து, மட்கு சேர்ந்து, பாசி படிந்து, சோலைக்கிளி இறங்கி இரை தேடும் தரை உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அதனால்தான், மீட்பதை விட இருக்கிற சோலையைத் தொடாமல் வைத்திருப்பது முக்கியம் என்கிறார்கள். மீட்க வேண்டிய இடத்தில், இரண்டு சோலைகளுக்கு நடுவே உள்ள ஓடைக்கரையில் முதலில் நாட்டு மரங்களை வளர்ப்பது பலன் தரும். ஓடை ஓரமாகவே நகரும் குருவிக்கு அது பாலம் போல ஆகும். அதே ஓடைக்கரைதான் ஆற்றுக்கும் தாய்மடி.

சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-ல் அறிவிக்கப்பட்டது. 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2022-ல் இதே மலைத்தொடரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் பாதுகாப்பின் நிழலில்தான் இந்தச் சின்னக் குருவியும் இருக்கிறது.

சோலைக்கிளியை எங்கே பார்க்கலாம்?

தூத்துக்குடியில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அசம்பு சோலைக்கிளி வாழும் இடம் புலிகள் காப்பகத்தின் உயரமான சோலைகள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

ஆனால் அதன் சொந்தக்காரர்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கொடைக்கானல் சுற்றியுள்ள சோலைகளில் வெண்வயிற்று சோலைக்கிளி இருக்கிறது. ஊட்டி, குன்னூர் பக்கம் நீலகிரி சோலைக்கிளி. விடிகாலையில், சோலை ஓரப் பாதையில், சத்தம் போடாமல் ஒரு இடத்தில் நின்றால் போதும். நடந்துகொண்டே தேடினால் வராது. செல்போனில் அதன் பாட்டை ஒலிபரப்பிக் கூப்பிடும் பழக்கம் வேண்டாம். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலையும்.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி வாக்கில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2011 முதல் நடக்கும் இதில் மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொள்கிறார்கள். எண்ணுவது நாரையும் வாத்தும்தான், சோலைக்கிளி இல்லை. ஆனால் அந்தக் குளத்துத் தண்ணீர் அது வாழும் மலையில் இருந்து வந்தது.

சுருக்கமாக...

• சோலைக்கிளி மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் மட்டுமே வாழும் நீலநிறப் பாடும் பறவை. உலகில் வேறு எங்கும் இல்லை.
• 2017-ல் 'சோலிகோலா' என்ற தனிப் பேரினமாக அறிவிக்கப்பட்டது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ளது அசம்பு சோலைக்கிளி.
• அது வாழும் மலையும் தாமிரபரணி பிறக்கும் மலையும் ஒன்றே. தூத்துக்குடியின் குடிநீரும் 53 குளங்களும் அந்த ஆற்றை நம்பியவை.
• சோலை துண்டாவதும் வெப்பம் உயர்வதும் முக்கிய ஆபத்துகள். உச்சியில் இருக்கும் குருவிக்கு மேலே போக இடமில்லை.
• மாஞ்சோலை குத்தகை 2028-ல் முடிகிறது. காடு மீட்பும் தொழிலாளர் மறுவாழ்வும் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகள்.

இன்றைக்குத் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் குடத்தில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர், சில நாட்களுக்கு முன்னாலோ சில மாதங்களுக்கு முன்னாலோ ஒரு சோலை ஓடையில் ஓடியிருக்கும். அதன் கரையில் ஒரு நீலக் குருவி இலையைக் கிளறிக்கொண்டு இருந்திருக்கும். குருவிக்கு அந்த ஊர் தெரியாது. ஊருக்கு அந்தக் குருவியைத் தெரிந்திருந்தால் நல்லது.